ஓடும் தூளில் சேரும் மின்னேற்றம்: மலைத் தொழிற்கூடங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் குன்னூரிலோ கோத்தகிரியிலோ உள்ள ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் தரம் பிரிக்கும் அறைக்குள் நுழைந்தால், ‘டஸ்ட்’ எனப்படும் மிக நுண்ணிய ரகத் தூள் சல்லடைக் கண்ணின் வழியே இறங்காமல் ஓரச் சட்டத்தில் அப்பிக் கிடப்பதையும், செங்குத்தான தகட்டில் மெல்லிய பழுப்புப் படலமாக ஒட்டி நிற்பதையும், பிளாஸ்டிக் கூடையை எடுக்கப் போன கையில் ரோமம் சிலிர்ப்பதையும் காணலாம். பலரும் இதற்கு ‘ஸ்டேட்டிக்’ என்று பெயர் சொல்லிவிட்டு, எலக்ட்ரீஷியனை அழைத்து ஓர் எர்த் கம்பியைக் கட்டச் சொல்வார்கள். கம்பி கட்டிய பிறகும் தூள் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். உடனே கம்பி சரியில்லை என்றோ, எர்த் குழியில் உப்பும் கரியும் போதவில்லை என்றோ பேச்சு திரும்பும்.

தவறு கம்பியில் இல்லை. நிலைமின்னேற்றத்தை வீட்டுக்கு வரும் மின்சாரத்தைப் போல எண்ணி நடத்துவதில் இருக்கிறது. வீட்டு மின்சாரத்துக்கு ஓர் ஊற்று உண்டு, அதிலிருந்து புறப்படும் பாதை உண்டு, அந்தப் பாதையை ஓரிடத்தில் துண்டித்தால் எல்லாம் நின்றுவிடும். ஓடும் தூளிலோ ஒவ்வொரு துகளும் தானே ஊற்றாகவும் தானே சேமிப்பிடமாகவும் இருக்கிறது. ஆகையால் இங்கே எவ்வளவு மின்னேற்றம் உண்டாகிறது என்பதைவிட, உண்டான மின்னேற்றம் வெளியேற வழி இருக்கிறதா என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை அந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதால் நேர்பவை.

உரசினால்தான் உண்டாகும் என்ற எண்ணம்

உரசல் இல்லாமலும் மின்னேற்றம் உண்டாகும். இரண்டு பரப்புகள் தொட்டுக்கொள்ளும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எலக்ட்ரான்களோ, அயனிகளோ, சில வேளைகளில் பொருளின் நுண்ணிய துணுக்குகளோ இடம்பெயர்கின்றன. இவற்றுள் எது எந்தச் சூழலில் முதன்மையானது என்பதில் இயற்பியலாளர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. பரப்புகள் பிரியும்போது, அவை மின்கடத்தாப் பொருள்களாக இருந்தால், இடம்பெயர்ந்தது திரும்பிப் போக நேரமும் வழியும் கிடைப்பதில்லை. ஒரு பக்கம் நேர் மின்னேற்றமும் மறுபக்கம் எதிர் மின்னேற்றமும் மிஞ்சுகின்றன. தொடுதலும் பிரிதலுமே அடிப்படை. உரசல் என்பது அந்தத் தொடுகைகளின் எண்ணிக்கையையும் பரப்பையும் கூட்டுவது மட்டுமே.

இதனால்தான் ஒரு மூட்டையிலிருந்து தூளைச் சாய்த்துக் கொட்டினாலே மின்னேற்றம் பிறந்துவிடுகிறது. துகள் சிறுத்தால் நிலைமை மேலும் கூர்மையாகும். ஒரு கிலோ பொருளை 1 மில்லிமீட்டர் துகள்களாக அல்லாமல் 0.1 மில்லிமீட்டர் துகள்களாக உடைத்தால் அதன் மொத்தப் பரப்பு பத்து மடங்காகிறது. மின்னேற்றம் தங்குவது பரப்பில்தான். பாதுகாப்பு வழிகாட்டிகளில் வழக்கமாகக் கொடுக்கப்படும் அளவுகளைப் பார்த்தால், சல்லடையில் சலிக்கும்போது ஒரு கிலோவுக்கு 0.001 மைக்ரோகூலுமுக்கும் (கூலும் என்பது மின்னேற்றத்தின் அலகு; மைக்ரோகூலும் அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) குறைவாக இருக்கும் மின்னேற்றம், கொட்டும்போது 0.1 வரையும், அரைக்கும்போது 1 வரையும், குழாயில் காற்றின் விசையால் செலுத்தும்போது 1,000 வரையும் ஏறுகிறது. சலிப்பதற்கும் காற்றுக் குழாயில் செலுத்துவதற்கும் இடையே பத்து லட்சம் மடங்கு வேறுபாடு வரக்கூடும் என்பதை நினைவில் கொள்ளாமல், சல்லடை அருகே நின்று மட்டும் நிலைமையை மதிப்பிடுவது பெருந்தவறு. தூள் ஒட்டுவது சல்லடையில் கண்ணுக்குத் தெரிகிறது. மின்னேற்றம் பெருமளவில் பிறப்பது தூசி உறிஞ்சும் குழாயின் வளைவில், யார் கண்ணிலும் படாமல்.

‘மூடுபனி இருக்கிறதே’ என்ற நம்பிக்கை

நீலகிரியில் மிகப் பரவலாகக் கேட்கும் வாதம் இது: இங்கே எப்போதும் ஈரம், துணி காய்வதில்லை, பிறகு நிலைமின் எங்கிருந்து வரும்? வெளியே நிற்கும் வரை இந்த வாதம் சரி. ஈரக்காற்றில் பொருள்களின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிகிறது. அதில் கரைந்துள்ள அயனிகள் மின்னேற்றத்தை மெல்லக் கசியவிடுகின்றன. ஒப்பு ஈரப்பதம், அதாவது அந்தச் சூட்டில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்ற அளவு, 60 முதல் 65 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பெரும்பாலான பொருள்களில் இந்தக் கசிவு போதுமானது. 30 சதவீதத்தை நெருங்கினால் அது ஏறத்தாழ நின்றுவிடும்.

ஆனால் தூள் இருப்பது வெளியே அல்ல. கதவுக்கு வெளியே 10 டிகிரி செல்சியஸில் 100 சதவீத ஈரப்பதத்துடன் கைதொடும் தூரத்தில் மூடுபனி நிற்பதாக வைத்துக்கொள்வோம். அந்தக் காற்று உள்ளே வந்து, தேயிலையை உலர்த்தும் டிரையரின் வெக்கையில் 30 டிகிரிக்குச் சூடானால், அதில் உள்ள நீராவி ஒரு துளியும் குறையாமலேயே அதன் ஒப்பு ஈரப்பதம் 29 சதவீதமாக இறங்கிவிடுகிறது. ஏனெனில் 30 டிகிரியில் காற்று தாங்கக்கூடிய நீராவி, 10 டிகிரியில் தாங்குவதைப் போல மூன்றரை மடங்கு. உறைபனி விழும் காலையில் 5 டிகிரிக் காற்றை 25 டிகிரிக்குச் சூடாக்கினால் மிஞ்சுவது 28 சதவீதத்துக்கும் குறைவு. டிரையருக்குள் செல்லும் காற்றோ 100 டிகிரியை ஒட்டிச் சூடாக்கப்பட்டது. அங்கே ஒப்பு ஈரப்பதம் பேசத் தகுந்த எண்ணாகவே இருப்பதில்லை. அதிலிருந்து ஏறத்தாழ 3 சதவீத ஈரத்துடன், சூடு ஆறாமல் வெளிவரும் தூள்தான் சல்லடைக்குப் போகிறது. ஆகவே மலையின் வானிலையைப் பார்த்து நிலைமின்னைக் கணிக்கக் கூடாது. தூள் ஓடும் இடத்திலேயே, தூளின் அருகே, ஒரு ஈரப்பதமானியைத் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும். அலுவலக அறைச் சுவரில் மாட்டிய ஈரப்பதமானி இதற்கு உதவாது.

உயரத்தாலும் ஒரு சிறு வேறுபாடு உண்டு. கடல்மட்டத்தில் 1 சென்டிமீட்டர் காற்று இடைவெளியைப் பொறி தாண்ட ஏறத்தாழ 30,000 வோல்ட் வேண்டும். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியிலும், 2,100 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கும் கொடைக்கானலிலும் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. மெலிந்த காற்றைப் பொறி எளிதாகத் தாண்டுவதால் தேவையான மின்னழுத்தமும் ஏறத்தாழ அதே அளவில் குறைகிறது. இதனால் பெரிய ஆபத்து வந்துவிடாது; ஆனால் சமவெளியில் எழுதப்பட்ட இடைவெளி அளவுகளை அப்படியே எடுத்து இங்கே பொருத்துவது சரியாகாது.

ஒரே தூள்தானே என்று விடுவது

இரண்டு வெவ்வேறு பொருள்கள் தொட்டால்தான் மின்னேற்றம் உண்டாகும் என்று பள்ளிப் பாடத்தில் படித்தது பலர் மனத்தில் நிற்கிறது. கண்ணாடிக் கோலும் பட்டும், எபனைட்டும் கம்பளியும் எடுத்துக்காட்டாக வந்த பாடம் அது. ஒரே பொருளின் துகள்கள் ஒன்றோடொன்று மோதினாலும் மின்னேற்றம் பிரியும். அளவில் சிறியவை பெரும்பாலும் எதிர் மின்னேற்றத்தையும், பெரியவை நேர் மின்னேற்றத்தையும் பெறுகின்றன. பாலைவன மணற்புயல்களில் வலிய மின்புலம் தோன்றுவதற்கு இதுவே ஒரு காரணம்.

இதன் விளைவைத் தூள் விழும் தொட்டியில் காணலாம். பெருந்துகள்கள் அடியில் தங்க, நுண்தூசி மேலே புகையாக மிதக்கிறது. தொட்டிக்குள் கொட்டப்பட்ட மொத்த மின்னேற்றம் கிட்டத்தட்ட பூஜ்யமாக இருக்கலாம். ஆயினும் மேலே ஒரு குறியும் கீழே எதிர்க்குறியுமாகப் பிரிந்து நிற்பதால், இடையே வலுவான மின்புலம் இருக்கிறது. மொத்தத்தை மட்டும் அளந்து ‘ஒன்றும் இல்லை’ என்று முடிவு செய்பவர் இங்கே ஏமாறுகிறார்.

எர்த் கம்பியைப் பற்றிய மூன்று தவறுகள்

எர்த் செய்வது தேவையற்றது என்று நான் சொல்லவில்லை. உலோகப் பாகங்கள் அனைத்தையும் எர்த் செய்வதே முதல் வேலை. அது ஏன் என்பதை ஒரு கணக்கால் பார்க்கலாம். மணிக்கு 360 கிலோ, அதாவது வினாடிக்கு 0.1 கிலோ தூள், ஒரு கிலோவுக்கு 1 மைக்ரோகூலும் மின்னேற்றத்தோடு ஓர் உலோக வாளியில் விழுவதாகக் கொள்வோம். வாளிக்கு வந்து சேரும் மின்னோட்டம் 0.1 மைக்ரோ ஆம்பியர், ஓர் எல்.இ.டி. விளக்கை மினுக்கவும் போதாத அளவு. வாளி 1 மெகாஓம் மின்தடை வழியே தரையோடு இணைந்திருந்தால் அதன் மின்னழுத்தம் 0.1 வோல்ட்டைத் தாண்டாது. அதே வாளி உலர்ந்த பிளாஸ்டிக் பலகை மேல் நின்று, தரைக்கான மின்தடை பத்தாயிரம் கோடி ஓம் ஆகிவிட்டால், அதே மின்னோட்டம் அதை 10,000 வோல்ட்டுக்கு ஏற்றிவிடும். நிலைமின்னை வடிக்க 1 மெகாஓமே போதும் என்றிருக்க, உலோகத்துக்கு உலோகம் இணைப்பில் 10 ஓமுக்குள் இருக்க வேண்டும் என்று வழிகாட்டிகள் கேட்பதற்குக் காரணம், அதற்கு மேல் காட்டும் இணைப்பில் துருவோ தளர்ச்சியோ தொடங்கிவிட்டது என்று அறிந்துகொள்வதற்காகத்தான்.

முதல் தவறு, எர்த் இருப்பதாக நம்பப்படும் பாகத்தில் எர்த் இல்லாமல் இருப்பது. அதிரும் டிரையருக்கும் அதன் காற்றுக் குழாய்க்கும் இடையே கேன்வாஸ் உறை இருக்கிறது. அது மின்சாரத்தைக் கடத்தாது. குழாய்த் துண்டுகளின் இடையே ரப்பர் கேஸ்கெட் இருக்கிறது. போல்ட் வழியே இணைப்பு வரும் என்றால், போல்ட்டின் அடியில் கனமான பெயின்ட் பூசியிருக்கிறது. காற்றைச் சுழற்றித் தூசியைப் பிரிக்கும் சைக்ளோனின் கூம்பு, கிளாம்ப் வளையம், வலைச் சட்டம், தூள் வாரும் கரண்டி என்று ஒவ்வொன்றும் தனித்து நிற்கும் உலோகமாகலாம். தனித்து நிற்கும் உலோகமே மிகவும் ஆபத்தானது, ஏனெனில் தன்னிடம் சேர்ந்த ஆற்றல் முழுவதையும் ஒரே பொறியில் கொட்டிவிடும். பராமரிப்புக்காகக் கழற்றிய இணைப்புக் கம்பியை மீண்டும் மாட்ட மறப்பதுதான் நடைமுறையில் அடிக்கடி நிகழ்வது. கேன்வாஸின் இருபுறமும் தெரியும்படி பின்னல் செம்புப் பட்டையை வெளியே மாட்டினால், அது இல்லாதது கண்ணில் படும். உள்ளே மறைத்தால் படாது.

இரண்டாவது தவறு, பிளாஸ்டிக் குழாயைச் சுற்றிச் செம்புக் கம்பியைக் கட்டிவிட்டு எர்த் செய்ததாக எண்ணுவது. மின்கடத்தாப் பரப்பில் மின்னேற்றம் இருந்த இடத்திலேயே இருக்கும். கம்பி தொடும் கோட்டில் இருப்பது மட்டுமே வடியும். விலை மலிவு, துருப் பிடிக்காது, இலகு என்று தகட்டுக் குழாயை எடுத்துவிட்டு பி.வி.சி. குழாய் போடும் வழக்கம் மலையில் உள்ள சிறு தொழிற்கூடங்களில் பெருகிவருகிறது. தூசி உறிஞ்சும் வழியில் இந்த மாற்றத்தை நான் ஏற்கமாட்டேன். இதைவிட எதிர்பாராத ஆபத்து, எர்த் செய்த உலோகக் குழாயின் உட்புறம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கும்போது வருகிறது. பின்னால் இருக்கும் உலோகம் எதிர்க்குறி மின்னேற்றத்தைத் திரட்டிப் பூச்சின் மேல் உள்ள மின்னேற்றத்தைப் பிடித்து வைப்பதால், வெறும் பிளாஸ்டிக்கில் தங்கக்கூடியதைவிடப் பல மடங்கு அங்கே சேர்கிறது. ஓரிடத்தில் பூச்சு துளைபட்டால் பரப்பு முழுவதும் உள்ளது அந்தத் துளையை நோக்கி ஒரே நேரத்தில் பாய்ந்து, 1 ஜூல் அளவுக்கும் மேல் ஆற்றலை வெளிவிடக்கூடும். 4,000 வோல்ட்டுக்குள் துளைபட்டுவிடும் மெல்லிய பூச்சுகளில் இந்த அளவு சேர வாய்ப்பில்லை என்பதால், பூச்சு வாங்கும்போது கேட்க வேண்டிய எண் அதுவே. பூச்சு ‘வலுவாக’ இருப்பது இங்கே நன்மை அல்ல.

மூன்றாவது தவறு, எர்த் செய்த உலோகத் தொட்டிக்குள் இருக்கும் தூளும் எர்த் ஆகிவிட்டது என்று கொள்வது. தூளின் மின்தடை எண் 10 கோடி ஓம் மீட்டர் என்றால் அதன் மின்னேற்றம் நொடிக்கும் குறைந்த நேரத்தில் தொட்டிச் சுவருக்கு வடிந்துவிடும்; அது ஆயிரம் மடங்கு, பத்தாயிரம் மடங்கு என்று கூடக் கூட வடியும் நேரமும் அதே மடங்கில் நீளும். நன்கு உலர்ந்த தூள், எர்த் செய்த தொட்டியின் நடுவிலேயே நிமிடக் கணக்கில், சில பொருள்கள் மணிக்கணக்கில், மின்னேற்றத்தோடு கிடக்கும். எனவே தொட்டி நிரம்பியவுடன் உலோகக் கரண்டியை விட்டு மாதிரி எடுக்கும் பழக்கத்தை விட்டு, சிறிது நேரம் பொறுத்து எடுக்க வேண்டும்.

மூட்டைகளைப் பற்றி ஒரு வரி போதும்: பெரிய ஜம்போ பைகளில் ‘சி’ வகை என்று குறித்தவை மின்கடத்தும் நூல் கோத்தவை, நிரப்பும்போதும் கொட்டும்போதும் அவற்றின் காதில் எர்த் கிளிப் மாட்டியே தீர வேண்டும்; மாட்டாவிட்டால் அவை சாதாரணப் பையைவிட மோசமானவை.

வேகத்தைக் கூட்டுவதும் தண்ணீர் தெளிப்பதும்

குழாயில் தூள் ஒட்டினால் ஊதியின் வேகத்தைக் கூட்டி அடித்துத் தள்ளிவிடலாம் என்று தோன்றும். வேகம் கூடினால் துகள்கள் சுவரில் மோதும் விசையும் தடவைகளும் கூடி, மின்னேற்றம் மேலும் ஏறி, ஒட்டுவது அதிகமாகும். குழாயில் தூசி படியாமல் இருக்க ஒரு குறைந்த வேகம் தேவை என்பது உண்மை. அதற்கு மேல் ஏற்றுவதால் லாபமில்லை. கூரிய வளைவை அகன்ற வளைவாக மாற்றுவது வேகத்தைக் கூட்டுவதைவிட நல்ல மருந்து.

தண்ணீரைப் பொறுத்தவரை தேயிலைக்காரர்கள் இரு பக்கமும் இடி வாங்கும் மத்தளமாக இருக்கிறார்கள். அறையின் ஈரப்பதத்தை 65 சதவீதத்துக்கு உயர்த்தினால் நிலைமின் அடங்கும். ஆனால் தேயிலைத் தூள் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் பொருள் என்பதால் மணமும் சரக்கின் ஆயுளும் குறையும். ஆகவே தரையில் தண்ணீர் தெளிப்பது, சல்லடை மேல் ஈரச் சாக்கு விரிப்பது போன்றவை ஒரு குறையைப் போக்கி அதைவிடப் பெரிய குறையைக் கொண்டுவருகின்றன. டிரையரிலிருந்து வந்த தூளை ஆறவிட்டு, அறைச் சூட்டுக்கு வந்த பின் சலிப்பது செலவில்லாத வழி. அயனிக் காற்றை ஊதும் கருவிகள் மேற்பரப்பில் படும் மெல்லிய ஓட்டத்துக்கு உதவும்; குவியலின் உள்ளே அவை எட்டாது. அவற்றின் ஊசி முனைகளில் தேயிலைத் தூசி படிந்துவிட்டால் அவை வேலை செய்வதும் நின்றுவிடும், அப்படி நின்றது வெளியில் தெரியவும் தெரியாது.

காபியில் நிலைமை வேறு. கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் வறுத்து அரைப்பவர்கள் அரைவை இயந்திரத்தின் வாயில் தூள் சிலிர்த்து ஒட்டுவதையும், வறுத்த கொட்டையின் மெல்லிய உமி நாற்புறமும் பறப்பதையும் நன்கு அறிவார்கள். அரைப்பதற்குச் சற்று முன் கொட்டை மேல் சில துளி நீர் தெளித்துக் குலுக்கினால் இது வெகுவாகக் குறையும். அமெரிக்காவின் ஒரேகான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உட்பட ஒரு குழு 2023 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வு இதற்கான காரணத்தைத் தெளிவாக்கியது: கொட்டையின் உள்ளே மிஞ்சியிருக்கும் ஈரமே மின்னேற்றத்தின் குறியையும் அளவையும் பெரிதும் தீர்மானிக்கிறது. இளவறுப்புக் கொட்டை நேர் மின்னேற்றத்தையும், ஈரம் வற்றிய கடுவறுப்புக் கொட்டை வலுவான எதிர் மின்னேற்றத்தையும் பெறும் போக்கு காணப்பட்டது. ஆகவே வறுப்பின் நிறத்தை மாற்றிவிட்டு, அதே இயந்திரம் திடீரென்று ஏன் ஒட்டுகிறது என்று இயந்திரத்தைக் குறை சொல்வது தவறு. உடனே வடித்துக் குடிக்கப்போகும் காபிக்குத்தான் நீர்த் துளி பொருந்தும். மாதக் கணக்கில் வைத்து விற்கும் பொடிக்குப் பொருந்தாது.

நிலைமின்னையே வேலைக்கு வைத்திருக்கும் இயந்திரம்

தேயிலைத் தொழிற்சாலையில் நிலைமின்னைப் பகையாக மட்டுமே பார்ப்பது இன்னொரு தவறு. தூளிலிருந்து ஃபைபர், அதாவது நார்த் துணுக்குகளை, எடுக்கும் இயந்திரம் முழுக்க முழுக்க அதை நம்பியே இயங்குகிறது. ஓடும் தட்டின் மேலே பி.வி.சி. உருளைகள் வரிசையாகச் சுழல்கின்றன. அவற்றின் முதுகில் கம்பளிப் பட்டைகள் உரசி அவற்றுக்கு மின்னேற்றம் தருகின்றன. அருகில் நின்று கவனித்தால், தூளோடு படுத்தபடி வரும் செந்நிற நார்த் துணுக்குகள் உருளையின் அடியை நெருங்கும்போது ஒவ்வொன்றாக எழுந்து செங்குத்தாக நிற்பதும், ஒரு கணம் ஆடிவிட்டுத் தாவி உருளையில் ஒட்டுவதும், கருந்தூள் அசையாமல் அடியில் கடந்து போவதும் தெரியும். நார் நீளமானது, எடை குறைந்தது, தூளைவிட ஈரம் சற்று அதிகம் கொண்டது. அதனால் மின்புலம் அதன் இரு முனைகளிலும் எதிரெதிர் மின்னேற்றத்தை எளிதில் பிரித்து, அதை நிமிர்த்தி இழுக்க முடிகிறது.

இந்த உருளைகளை ஈரத் துணியால் துடைத்துவிட்டு உடனே ஓட்டுவது, எண்ணெய்க் கை படவிடுவது, தேய்ந்து வழவழத்துப்போன கம்பளிப் பட்டையை மாற்றாமல் வைப்பது ஆகியவை நாரைத் தூளிலேயே விட்டுவிடும். மழைக்காலத்தில் கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ‘மெஷின் இழுக்கவில்லை’ என்று தட்டின் வேகத்தை மாற்றிப் பார்ப்பார்கள். குறை வேகத்தில் இல்லை, அறையின் ஈரப்பதத்தில் இருக்கிறது. இதற்கு நேர்மாறாக, அறை முழுவதற்கும் ‘ஸ்டேட்டிக் ஒழிப்பு’ என்று அயனி ஊதியை இந்த இயந்திரத்தின் பக்கம் திருப்பி வைப்பதும் நடக்கிறது. இயந்திரத்தின் உலோகச் சட்டத்துக்கு எர்த் வேண்டும். உருளையின் பரப்பிலிருந்து மின்னேற்றத்தை வடிக்கக் கூடாது.

மல்டிமீட்டரால் அளப்பது

சாதாரண மல்டிமீட்டரின் உள்தடை 10 மெகாஓம். 10,000 வோல்ட்டில் நிற்கும் வாளியின் மின்தேக்கம் (மின்னேற்றத்தைச் சேமிக்கும் திறன்) 100 பிகோஃபாரட் என்றால், மீட்டரின் முனை தொட்ட மாத்திரத்தில் ஆயிரத்தில் ஒரு வினாடிக்கணக்கில் எல்லாம் மீட்டர் வழியாகவே வடிந்துவிடும். திரை புதுப்பிக்கப்படுவதற்குள் காட்ட எதுவும் மிஞ்சாது. ‘பூஜ்யம்தான் காட்டுகிறது’ என்ற முடிவு இப்படித்தான் வருகிறது. வேண்டியது தொடாமல் அளக்கும் மின்புல அளவி. தூளின் மின்னேற்றத்தை அறிய, எர்த் செய்த பெரிய வாளிக்குள் காப்புப் பொருளின் மேல் சிறிய வாளியை வைத்து, அதில் தூளைக் கொட்டி, உள் வாளியில் மின்னேற்றமானியை இணைத்து அளப்பார்கள். 1843-இல் மைக்கேல் ஃபாரடே பனிக்கட்டி வாளியைக் கொண்டு செய்த சோதனையின் வழி வந்த முறை இது. வாளி காட்டுவது மொத்தக் கணக்கை மட்டுமே என்பதை மேலே சொன்ன தொட்டியோடு சேர்த்து நினைவில் கொள்ள வேண்டும்.

தீயையும் அதிர்ச்சியையும் தவறாக எடைபோடுவது

தூசி வெடிப்பு என்றாலே நிலைமின் என்று கை காட்டுபவர்கள் உண்டு. வரலாற்றில் முதலில் விரிவாகப் பதிவான மாவுத் தூசி வெடிப்பு, 1785-இல் இத்தாலியின் டூரின் நகரில் ஒரு ரொட்டிக் கடைக் கிடங்கில் விளக்குச் சுடரால் நேர்ந்தது. 2008-இல் அமெரிக்காவின் போர்ட் வென்ட்வொர்த் சர்க்கரை ஆலையில் 14 பேரைக் கொன்ற வெடிப்புக்கு, அளவுமீறிச் சூடேறிய பேரிங்கே காரணமாக இருந்திருக்கக்கூடும் என்று விசாரணை வாரியம் கருதியது. தேயிலைத் தூசியும் எரியக்கூடியதுதான். ஆனால் டிரையர் தீயைப் பற்றி விசாரிக்கும்போது சூடான பகுதியில் படிந்து கருகிய தூளை முதலில் பார்க்க வேண்டும், பொறியை அதற்குப் பிறகு.

மறுபுறம், பொறியை அலட்சியம் செய்வதும் ஆகாது. ரப்பர் பூட்ஸும் அக்ரிலிக் ஸ்வெட்டரும் அணிந்து நடக்கும் ஒருவரின் உடல் 10,000 வோல்ட்டுக்கு ஏறினால், அவர் விரல் நுனியிலிருந்து பாயும் பொறியில் 5 மில்லிஜூல் அளவு ஆற்றல் இருக்கிறது. சர்க்கரைத் தூசியைப் பற்றவைக்க ஏறத்தாழ 30 மில்லிஜூல் வேண்டும். சமையல் எரிவாயுவுக்கும் பல கரைப்பான்களின் ஆவிக்கும் கால் மில்லிஜூலே போதும். அறையைத் துடைக்கத் தின்னரையோ பெட்ரோலையோ எடுத்து வரும் நாளில் கணக்கு முழுவதும் மாறிவிடுகிறது. கரைப்பான் இருக்கும் பாத்திரத்தில் பிளாஸ்டிக் பையிலிருந்து உலர்தூளைக் கொட்டுவது இவற்றுள் மிகக் கொடிய பழக்கம்.

இனி, உயிருக்கே நேரடியாக உலை வைக்கக்கூடிய தவறு. இயந்திரத்தைத் தொட்டால் ‘அடிக்கிறது’ என்று தொழிலாளர் சொல்லும்போது, ‘ஸ்டேட்டிக்தான், ஒன்றும் ஆகாது’ என்று மேற்பார்வையாளர் சொல்லி அனுப்பிவிடுவது. நிலைமின் அதிர்ச்சி ஒரே ஒரு சுருக்கென்ற குத்தல்; தொட்ட பின் கையை எடுக்காமல் வைத்திருந்தால் மீண்டும் குத்தாது; உலர்ந்த நாளில், தூள் ஓடும்போது வரும். மோட்டாரின் காப்பு கெட்டுக் கசியும் மின்சாரமோ தொட்டிருக்கும் வரை நடுக்கிக்கொண்டே இருக்கும். தூள் ஓடாவிட்டாலும் வரும். வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்றால் கடுமையாகும். எனவே ஜூலை மாத மழையில், தரை நனைந்திருக்கும்போது ஓர் இயந்திரம் அடித்தால் அதை நிலைமின் என்று கொள்ளவே கூடாது. எதுவென்று உறுதிப்படுத்த மறுபடி கையால் தொட்டுப் பார்க்கச் சொல்லக் கூடாது. மெயின் சுவிட்சை அணைத்து, ஃபியூஸைக் கழற்றி வைத்துவிட்டு, மோட்டாரின் காப்பை மெகர் (காப்பின் மின்தடையை அளக்கும் கருவி) கொண்டும் சட்டத்தின் எர்த் இணைப்பைத் தனியாகவும் எலக்ட்ரீஷியன் சோதித்த பிறகே அதை மீண்டும் ஓட்ட வேண்டும்.